ஒத்திகை நேரம் பாடுகிறவர்களுடையது: மலையூர்க் கொயர் மாஸ்டர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

குன்னூரில் ஒரு தேவாலயத்தின் பாடகர் குழுவை இருபத்திரண்டு ஆண்டுகளாக நடத்திவருகிறேன். நான்கு பார்ட்டாகப் பாடும் குழு: பெண்களின் உயர்ந்த குரல் சோப்ரானோ, தாழ்ந்த குரல் ஆல்ட்டோ; ஆண்களின் உயர்ந்த குரல் டெனர், தாழ்ந்த குரல் பேஸ். கோத்தகிரி, உதகை, கூடலூர் பக்கங்களிலிருந்தும் பழனி மலையில் கொடைக்கானலிலிருந்தும் புதிதாகப் பொறுப்பேற்ற கொயர் மாஸ்டர்கள் ஒத்திகையைப் பற்றிக் கேட்கிற கேள்விகள் பெரும்பாலும் ஒன்றுபோலவே இருக்கின்றன. தனித்தனியாகத் தொலைபேசியில் சொன்னவற்றை இங்கே ஒருசேர எழுதிவைக்கிறேன். தேவாலயக் குழுவை மனத்தில் வைத்து எழுதியதுதான். பள்ளியில் சேர்ந்திசை சொல்லிக்கொடுப்பவர்களுக்கும், கிதாரும் வயலினும் புல்லாங்குழலும் சேர்ந்த சிறு வாத்தியக் குழு வைத்திருப்பவர்களுக்கும் இதில் பெரும்பகுதி பொருந்தும்.

ஒன்றரை மணி நேரம் ஒத்திகை நடக்கிறது. ஆனாலும் ஒரு பாட்டுகூட உருப்படியாக முடிவதில்லை. எங்கே தவறு?

ஒரு நாள் ஒத்திகையை முழுவதும் பதிவு செய்யுங்கள். வீட்டில் உட்கார்ந்து, கடிகாரத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு கேளுங்கள். நான் பொறுப்பேற்ற மூன்றாம் ஆண்டில் சிறிய டேப் ரெக்கார்டரை ஜன்னல் திண்டில் வைத்து அப்படிச் செய்தேன். 90 நிமிடத்தில் 41 நிமிடம் என் குரல்தான் கேட்டது. பாட்டின் பொருள், சென்ற கிறிஸ்துமஸில் நடந்த பிழை, டெனர்கள் நேரத்துக்கு வராதது, அதற்கு ஒருவர் சொன்ன சமாதானம், அந்தச் சமாதானத்துக்கு என் மறுமொழி. அன்றிரவு எனக்குத் தூக்கம் பிடிக்கவில்லை. அருவங்காடு கார்டைட் தொழிற்சாலையில் ஷிஃப்ட் முடித்து, வீட்டுக்குக்கூடப் போகாமல் நேரே வருகிற அண்ணன் ஒருவர் எங்கள் குழுவில் இருந்தார். வண்டிச்சோலைப் பக்கத்திலிருந்து பனிமூட்டத்தில் நடந்து வருகிற அக்காமார் இருவர் இருந்தார்கள். அவர்கள் பாட வந்தார்கள், நான் பேசிக்கொண்டிருந்தேன்.

அன்றிலிருந்து எனக்கு நானே வைத்துக்கொண்ட கட்டுப்பாடு இது. பாட்டை நிறுத்தினால் ஒரே வாக்கியம் பேசலாம். அடுத்த மூச்சில் பாட்டு மறுபடி தொடங்கிவிட வேண்டும். அந்த ஒரு வாக்கியத்தில் யாருக்கு, எந்த இடத்தில், என்ன செய்ய வேண்டும் என்ற மூன்றும் இருக்க வேண்டும். "ஆல்ட்டோ, இரண்டாம் பக்கம், மூன்றாம் வரி, 'இரக்கம்' என்ற சொல்லுக்கு முன்னால் மூச்செடுங்கள்." இடத்தைச் சொல்லும்போது பக்கம், வரி, சொல் என்று பெரியதிலிருந்து சிறியதற்கு வாருங்கள். சொல்லை முதலில் சொல்லிவிட்டால் நாற்பது பேரும் நாற்பது இடத்தில் தேடுவார்கள். "நன்றாக இல்லை, இன்னொரு முறை" என்பது திருத்தமே ஆகாது. எது நன்றாக இல்லை என்று தெரியாமல் பாடுகிறவர் அதே பிழையை இன்னும் உறுதியாகப் பாடுவார்.

ஒத்திகைக்கு முன் நான் என்ன தயாரித்துக்கொள்ள வேண்டும்?

நான்கு பார்ட்டையும் நீங்களே பாடிப் பாருங்கள். குரல் எட்டாத சுரங்களை ஒரு ஸ்தாயி இறக்கியோ ஏற்றியோ பாடினால் போதும். சோப்ரானோ பெரும்பாலும் மெட்டையே பாடும். அதில் தடுமாற்றம் குறைவு. ஆல்ட்டோவும் டெனரும் ஒரே சுரத்தில் நான்கு எண்ணிக்கை நின்று, யாரும் எதிர்பாராத இடத்தில் அரைச்சுரம் நகர்வார்கள். அந்த இடத்தில் உங்கள் நாக்கே தடுமாறும். பென்சிலால் வட்டம் போடுங்கள். குழுவும் அங்கேதான் தடுமாறப் போகிறது. இருபது நிமிட வீட்டு வேலை இது. நாற்பது பேரின் இருபது நிமிடத்தை அது மிச்சப்படுத்துகிறது.

பாட்டைக் கடைசிப் பக்கத்திலிருந்து சொல்லிக்கொடுப்பது என் வழக்கம். எப்போதும் முதலிலிருந்தே தொடங்கினால் முதல் பக்கம் ஐம்பது முறை பாடப்படும். கடைசிப் பக்கத்தை ஐந்து முறை பாடியிருந்தாலே அதிகம். கேட்கிறவர்கள் காதில் கடைசியாக நிற்பதோ அந்தப் பக்கம்தான்.

ஹேண்டல் 1741 இல் இயற்றி, 1742 ஏப்ரல் 13 அன்று டப்ளினில் அரங்கேறிய 'மேசியா'வின் அல்லேலூயா கோரஸை எடுத்துக்கொள்ளுங்கள். முடிவில் அல்லேலூயா, அல்லேலூயா என்று வேகமாக அடுக்கிக்கொண்டே போய், திடீரென்று ஒரு மௌனம் வரும். அதன் பிறகுதான் கடைசி அல்லேலூயா, மெதுவாக, விரிந்து வரும். அந்த மௌனத்துக்குள் யாராவது ஒருவர் "அல்" என்று தனியாக விழுந்துவிடுவது எத்தனையோ குழுக்களில் நடந்திருக்கிறது. எங்கள் குழுவிலும் நடந்தது. பாடிய தம்பி அந்த ஆண்டு முழுவதும் முன்வரிசைக்கு வரவில்லை. அது அவர் பிழை இல்லை. வேகம் கூடிக்கொண்டு வரும்போது நின்றுவிடுவது உடம்புக்குப் பழக்கமில்லாத வேலை. அதை நான் பழக்கியிருக்கவில்லை. இப்போது அந்தக் கோரஸை எடுத்தால் முதல் நாளே கடைசி ஆறு அல்லேலூயாவை மட்டும் பாடவைக்கிறேன். மௌனத்தில் என் இரு கைகளும் அசையாமல் நிற்கும். எல்லாரும் என் கையைப் பார்த்துக்கொண்டே மூச்செடுப்பார்கள். மூச்செடுக்கிற வேலை இருக்கும்போது வாய் தவறித் திறப்பதில்லை.

நேரத்தை எப்படிப் பங்கிடுவது?

எங்கள் 90 நிமிடம் ஏறக்குறைய இப்படி: பத்து நிமிடம் குரல் பழக்கம். உடனே அன்றைய கடினமான பகுதிக்கு இருபத்தைந்து நிமிடம். மனம் தெளிவாக இருக்கும் நேரம் அது. பிறகு பெண்கள் ஒரு அறை, ஆண்கள் ஒரு அறை என்று பிரிந்து இருபது நிமிடம். தேநீருக்கு ஏழெட்டு நிமிடம். கடைசிப் பகுதியில் தெரிந்த பாட்டுகள், அவற்றில் ஒன்றையாவது நிறுத்தாமல் முழுதாகப் பாடுவது. தேநீரோடு வர்க்கி வைத்தால் அதன் துகள் தொண்டையில் நின்று அடுத்த பாட்டு இருமலோடு தொடங்கும். ஆகவே வர்க்கி ஒத்திகை முடிந்த பிறகுதான்.

ஒரு பார்ட்டுக்குத் தனியாகச் சொல்லிக்கொடுக்கும்போது மற்ற மூன்று பார்ட்டும் சும்மா இருக்கக் கூடாது. அவர்களை மெல்ல முனகச் சொல்லுங்கள், அல்லது அந்த வரியையே கூடப் பாடச் சொல்லுங்கள். ஐந்து நிமிடம் சும்மா இருக்கிற டெனர்களை மறுபடி பாட்டுக்குள் கொண்டுவர ஐந்து நிமிடம் ஆகும்.

கேட்கிற எல்லாப் பிழைகளையும் உடனே திருத்த வேண்டுமா?

வேண்டாம். புதுப் பாட்டை முதல் இரண்டு முறை நிறுத்தாமல் ஓடவிடுங்கள். முதல் முறை கேட்ட பிழைகளில் பாதி இரண்டாம் முறை தாமாகவே மறைந்திருக்கும். மறையாமல் நிற்பவைதான் உங்கள் வேலை. அவற்றிலும் ஒன்றை மட்டும் எடுங்கள். சுரம் தவறு, மூச்சு தவறு, உச்சரிப்பு தவறு என்று மூன்றையும் ஒருசேரச் சொன்னால் பாடுகிறவர் எதையும் பிடித்துக்கொள்ள மாட்டார். என் வரிசை முதலில் சுரம், பிறகு தாளம், பிறகு சொல், கடைசியில் மெல்லெனவும் உரக்கவும் பாடும் நயம்.

பலரும் மறந்துவிடுகிற ஒரு வேலை இருக்கிறது. இரண்டு சுரத்தைப் பிரித்தெடுத்து, மெதுவாகப் பாடவைத்து, சரியாக வந்ததும் "நல்லது" என்று சொல்லி அடுத்த பக்கத்துக்குப் போய்விடுகிறோம். மறுவாரம் அதே இடத்தில் அதே பிழை. காரணம், அந்த இரண்டு சுரத்தைத் தனியாகத்தான் கற்றார்கள். முன்வரியிலிருந்து அங்கே வந்து சேர்வதைக் கற்கவில்லை. திருத்திய இடத்தை முன்னும் பின்னும் இரண்டு வரிகளோடு சேர்த்து, உரிய வேகத்தில், மூன்று முறை பாடவைத்த பிறகே விடுங்கள். கிழிந்த இடத்தைத் தைத்தால் போதாது, சுற்றியுள்ள துணியோடு சேர்த்துத் தைக்க வேண்டும் என்று என் அம்மா சொல்வார். அவர் தையல் வேலை செய்தவர்.

மார்கழிக் குளிரில் குரல் எழும்பவே இல்லை. என்ன செய்வது?

முதலில் வாயைச் சுற்றியிருக்கும் மஃப்ளரை இறக்கச் சொல்லுங்கள். பிறகு நிற்கவைத்து, தோளைச் சுழற்றி, கையை உதறி, உடம்பில் சூடு ஏற்றுங்கள். உதடுகளைச் சேர்த்து முனகுவதில் தொடங்கி, உதட்டை அதிரவிட்டு, ஐந்து சுரம் ஏறி இறங்கி, மெல்ல மெல்ல மேலே போகலாம். உச்ச ஸ்தாயியில் தொடங்கினால் குளிர்ந்த குரல் நரம்பு இழுபட்டு அன்று முழுவதும் கரகரக்கும். சளி பிடித்தவரைப் பாட வேண்டாம் என்று சொல்லுங்கள்; ஆனால் வரவேண்டாம் என்று சொல்லாதீர்கள். உட்கார்ந்து தன் வரியை விரலால் பின்தொடர்ந்தால்கூட அவருக்குப் பாட்டு மனத்தில் பதியும்.

சமவெளியிலிருந்து பாட வருகிறவர்கள் மூச்சு போதவில்லை என்பார்கள். உதகை கடல் மட்டத்திலிருந்து சுமார் 2,240 மீட்டர் உயரம். காற்றழுத்தம் கடற்கரையில் இருப்பதைவிட ஐந்தில் ஒரு பங்குக்கும் சற்று அதிகமாகவே குறைவு. அவர்களுக்கு நீண்ட வரிகளின் நடுவே கூடுதலாக ஒரு மூச்சிடம் குறித்துக்கொடுங்கள். பக்கத்தில் நிற்பவரும் அதே இடத்தில் மூச்செடுக்காதபடி ஒருவர் விட்டு ஒருவராகக் குறித்தால் வரி அறுபடாது.

டிசம்பரில் புல்லாங்குழலும் கிதாரும் ஒன்றோடொன்று சேர மறுக்கின்றன. உயரமான ஊர் என்பதாலா?

உயரத்துக்கும் இதற்கும் தொடர்பில்லை; குளிர்தான் காரணம். காற்றில் ஒலியின் வேகம் வெப்பநிலையைப் பொறுத்தது. 25 டிகிரியில் நொடிக்குச் சுமார் 346 மீட்டர், 10 டிகிரியில் சுமார் 337 மீட்டர். குழலுக்குள் இருக்கும் காற்று குளிர்ந்தால் சுருதி இறங்கும். இந்த 15 டிகிரி வேறுபாட்டுக்கு ஏறக்குறைய அரைச்சுரத்தில் பாதி இறங்கிவிடும். கிதாரின் உலோகக் கம்பியோ குளிரில் சுருங்கி இறுகும். அதன் சுருதி ஏறும். ஒன்று கீழே போகிறது, இன்னொன்று மேலே போகிறது. மிருதங்கத்தின் தோல் மூடுபனியின் ஈரத்தை வாங்கித் தொய்யும். கீபோர்டு மட்டும் இருந்த இடத்தில் இருக்கும்.

ஆகவே வந்ததும் வராததுமாகச் சுருதி சேர்க்காதீர்கள். வாத்தியங்களை உறையிலிருந்து எடுத்து அரைமணி நேரம் அறையிலேயே வைத்திருங்கள். புல்லாங்குழலை ஸ்வெட்டருக்குள் வைத்து, வாசிக்கும் முன் சத்தம் எழாமல் உள்ளே மூச்சை ஊதிச் சூடாக்கச் சொல்லுங்கள். குரல் பழக்கம் முடிந்த பிறகு, கீபோர்டை அசையாத புள்ளியாக வைத்து எல்லாரும் சேர்க்கலாம். தேநீர் இடைவேளைக்குப் பின் மீண்டும் ஒரு முறை. கம்பி வாத்தியக்காரர்கள் அறை சூடேறச் சூடேற இறங்குவார்கள். அதை அவர்களுக்கு முன்கூட்டியே சொல்லிவைத்தால் மனம் தளர மாட்டார்கள்.

வாத்தியம் இல்லாமல் பாடினால் முடிவதற்குள் சுருதி இறங்கிவிடுகிறது.

ஒரே சுரத்தில் பல எழுத்துகள் வரும் இடத்தைப் பாருங்கள். அங்கேதான் வழுக்கல் தொடங்கும். இறங்கும் படிகளைச் சற்றே பெரிதாகவும் ஏறும் படிகளைச் சற்றே சிறிதாகவும் பாடுவது களைத்த குரலின் இயல்பு. "இறங்கும்போது கஞ்சத்தனமாக, ஏறும்போது தாராளமாக" என்று நான் சொல்வேன். பிள்ளைகளுக்கு அது உடனே பிடிபடுகிறது. காந்தாரத்தைக் கொஞ்சம் உயர்த்தி நினைக்கச் சொல்லுங்கள். அப்படியும் இறங்கினால் பாட்டையே அரைச்சுரம் ஏற்றித் தொடங்கிப் பாருங்கள். இது விந்தையாகத் தோன்றும், ஆனால் பல முறை பலித்திருக்கிறது. சில சுருதிகளில் குரல் ஓய்ந்து உட்கார்ந்துவிடுகிறது. அரைச்சுரம் மேலே போனால் விழித்துக்கொள்கிறது.

கையை எப்படி அசைப்பது? எனக்கு யாரும் சொல்லித்தரவில்லை.

நான்கு எண்ணிக்கைக்குக் கீழே, இடப்பக்கம், வலப்பக்கம், மேலே. மூன்றுக்குக் கீழே, வலப்பக்கம், மேலே. கண்ணாடி முன் ஒரு வாரம் பழகினால் வந்துவிடும். இதைவிட முக்கியமானது முதல் எண்ணிக்கைக்கு முந்திய அசைவு. அதில்தான் வேகமும், பாட்டு மென்மையானதா வலிமையானதா என்பதும், மூச்சும் இருக்கின்றன. கை மேலே எழும்போது நீங்களும் மூச்செடுங்கள். குழு தானாக உங்களோடு மூச்செடுக்கும். "ஒன்று, இரண்டு, மூன்று" என்று வாயால் எண்ண வேண்டிய தேவையே மறைந்துபோகும்.

மேசையைத் தட்டாதீர்கள். சத்தத்தால் தாளம் காட்டினால் அவர்கள் காது அந்தச் சத்தத்தைப் பிடித்துக்கொள்ளும். கண் நோட்டுக்குள் போய்விடும். பிரான்சில் லூலி என்ற இசையமைப்பாளர் கனமான கோலைத் தரையில் குத்தித் தாளம் காட்டுவார். 1687 ஜனவரியில் அது தவறி அவர் காலிலேயே விழுந்தது. புண் புரையோடி மார்ச் மாதம் இறந்துபோனார்.

குழுவோடு சேர்ந்து நீங்களும் பாடாதீர்கள். இதை மிகவும் வற்புறுத்திச் சொல்கிறேன். நம்மில் பெரும்பாலானோர் பாடகர்களாக இருந்து மாஸ்டர் ஆனவர்கள். வாய் சும்மா இருக்காது. ஆனால் நீங்கள் பாடும்போது உங்கள் காதில் விழுவது உங்கள் குரல் மட்டும்தான். ஆல்ட்டோ தவறினால் தெரியாது. டெனர்கள் உங்கள் குரலில் சாய்ந்துகொண்டு பாடுவதும் தெரியாது. நீங்கள் வராத ஞாயிற்றுக்கிழமைதான் தெரியவரும்.

அவர்கள் என்னையே நம்பியிருக்கிறார்கள். ஒருவரையொருவர் கேட்கப் பழக்குவது எப்படி?

ஒரு டிசம்பர் வெள்ளிக்கிழமை நல்ல மழை, மின்சாரம் போய்விட்டது. மெழுகுவர்த்தி தேடிக்கொண்டிருந்தபோது இருட்டில் ஒரு அக்கா பாமாலை ஒன்றைத் தொடங்கினார். மனப்பாடமாகத் தெரிந்த பாட்டு. ஒவ்வொரு பார்ட்டாக வந்து சேர்ந்துகொண்டது. என் கை யாருக்கும் தெரியவில்லை. இரண்டாம் சரணத்தில் சோப்ரானோ கொஞ்சம் மெதுவாக இழுத்தபோது பேஸ் காத்திருந்து சேர்ந்துகொண்டதைக் கேட்டேன். ஓராண்டாக நான் கையால் கேட்டும் கிடைக்காதது அது. மெழுகுவர்த்தி கிடைத்த பிறகும் ஏற்றச் சொல்ல மனம் வரவில்லை.

இப்போது வாரந்தோறும் ஒரு பாட்டைக் கண்ணை மூடிப் பாடுகிறோம். சில நாள் பார்ட் வாரியாக நிற்பதைக் கலைத்து, ஒரு சோப்ரானோ, ஒரு ஆல்ட்டோ, ஒரு டெனர், ஒரு பேஸ் என்று நால்வர் நால்வராக நிற்கவைக்கிறேன். தன் வரியைப் பக்கத்தில் இருப்பவரிடம் இரவல் வாங்கிப் பாடுகிறவருக்கு முதல் நாள் வேர்த்துவிடும். மூன்றாம் வாரம் அவரே சொந்தமாகப் பாடுவார்.

நம் நீலகிரியில் கோத்தர் மக்களின் இசையைக் கேட்கும் வாய்ப்புக் கிடைத்தால் விடாதீர்கள். நாதசுரம் போன்ற ஊதுகுழலும், மேளங்களும், கொம்பும் ஒன்றாக ஒலிக்கும். முன்னால் நின்று கையசைக்க ஒருவரும் இல்லை. குழலின் மெட்டைக் காதில் வைத்துக்கொண்டே மேளங்கள் நடக்கின்றன.

தமிழ்ச் சொற்கள் தெளிவாக விழவில்லை என்று சபையார் சொல்கிறார்கள்.

மேல்நாட்டு மெட்டுக்குத் தமிழ் வரிகளைப் பொருத்திய பாமாலைகளில் குறில் எழுத்தின்மேல் நீண்ட சுரம் வந்து உட்காரும். "உமது கரம்" என்பதை நீட்டினால் "உமது காரம்" என்று கேட்கும். பாடுகிறவருக்குத் தெரியாது; கேட்கிற பிள்ளைகளுக்கு உடனே தெரியும். இதற்கு வழி, குறிலை அளவாகப் பிடித்து, பின்வரும் மெய் மூக்கொலியாகவோ இடையினமாகவோ இருந்தால் அதில் மீதி நேரத்தைச் செலவழிப்பது. "அன்பு" என்பதில் "ன்" ஒலிக்கும், அதை நீட்டலாம். "பத்து" என்பதில் "த்" ஒலியை அடைத்துவிடும். அங்கே சுரத்தைச் சற்று முன்னதாக முடித்து அடைப்பை எல்லாரும் ஒரே நொடியில் போட வேண்டும். மெட்டே இல்லாமல், பாட்டின் தாளத்தில் வரிகளை வாசிக்கவைப்பது இதற்கு அருமையான பயிற்சி.

எங்கள் ஊர்க் குழுக்களில் வீட்டில் படுகு பேசுகிறவர், மலையாளம் பேசுகிறவர், கன்னடம் பேசுகிறவர் எல்லாரும் இருப்பார்கள். ழகரமும் ளகரமும் ஆளுக்கொரு விதமாக வரும். எந்த உச்சரிப்பு என்று முதல் நாளே முடிவு செய்து, எல்லாரும் சேர்ந்து சொல்லிப் பழகுங்கள். ஒருவரை மட்டும் எழுந்து சொல்லச் சொல்லாதீர்கள்.

பெரியவர்கள் டோ ரே மீ பார்த்துப் பாடுகிறார்கள். இளையவர்கள் கைப்பேசியில் கேட்டுப் பாடுகிறார்கள். எதைப் பின்பற்றுவது?

இரண்டையும். பெரியவர்கள் வைத்திருக்கும் சோல்ஃபா முறை, இங்கிலாந்தில் நாரிச் நகரத்தில் சாரா குளோவர் என்ற ஆசிரியை உருவாக்கியதைத் தழுவி ஜான் கர்வென் பத்தொன்பதாம் நூற்றாண்டில் பரப்பியது. எந்தச் சுருதியில் பாடினாலும் அடிப்படைச் சுரம் "டோ"தான். நம் ஆதார சட்ஜமும் அப்படித்தானே? சங்கராபரணம் தெரிந்த பிள்ளைக்கு மேஜர் ஸ்கேல் ஏற்கெனவே தெரியும். கரும்பலகையில் டோ ரே மீக்குக் கீழே ச ரி க எழுதிவைத்தேன். நான்கு மாதத்தில் இளையவர்கள் பழைய நோட்டுகளைத் தாமே வாசிக்கத் தொடங்கினார்கள். கைப்பேசிப் பதிவைத் தடுக்க வேண்டியதில்லை. ஒவ்வொரு பார்ட்டையும் தனித்தனியாகப் பதிவு செய்து அனுப்பினால் ஷிஃப்ட் காரணமாக வர முடியாதவர் பஸ்ஸில் கேட்டுக்கொண்டே வருவார். ஆனால் பதிவை மட்டும் கேட்டுக் கற்றவர், அதில் பாடியவரின் பிழைகளையும் சேர்த்தே கற்பார். ஆகவே பதிவு செய்பவர் யார் என்பதில் கவனமாக இருங்கள்.

கீர்த்தனைகளுக்கும் இதே முறையா?

இல்லை. தஞ்சை வேதநாயகம் சாஸ்திரியார் (1774–1864) போன்றோர் இயற்றிய கீர்த்தனைகள் ராகமும் தாளமும் கொண்டவை. அவற்றில் நான்கு பார்ட் சேர்ப்பதை நான் விரும்புவதில்லை. ராகத்தின் வளைவுகள் அடியில் நிற்கும் சுரக்கூட்டத்தில் மோதித் தட்டையாகிவிடும். எல்லாரும் ஒரே குரலாகப் பாடட்டும், சுருதிப்பெட்டி போதும். ஆதிதாளத்தில் நான்கு, இரண்டு, இரண்டு என்று கையில் போட்டுக்கொண்டே கற்கட்டும். மேல்நாட்டுக் கையசைவை அதன்மேல் ஏற்றாதீர்கள். தாளம் தொடங்கிச் சற்றுத் தள்ளி எடுப்பு வரும் பாட்டுகளில் புதியவர்கள் முந்திவிடுவார்கள். அந்த வெற்றிடத்தில் மனத்துக்குள் "தா" என்று சொல்லிக்கொண்டு எடுக்கச் சொன்னால் சரியாகிவிடும்.

தமிழில் பல குரல் சேர்ந்திசை எப்படி ஒலிக்கலாம் என்று அறிய விரும்புகிறவர்கள், எம்.பி. சீனிவாசன் சென்னையில் இளைஞர்களைக் கொண்டு உருவாக்கிய சேர்ந்திசையைத் தேடிக் கேளுங்கள்.

ஒரு பெரியவர் எல்லாரையும் மீறி உரக்கப் பாடுகிறார். சுருதியும் சேர்வதில்லை. எப்படிச் சொல்வது?

குழுவின் முன் ஒருபோதும் சொல்லாதீர்கள். நாற்பது ஆண்டு பாடியவர். அந்தக் குழு இன்று இருப்பதே அவரைப் போன்றவர்களால்தான். பெரும்பாலும் காது மந்தமாகியிருக்கும். தன் குரல் தனக்குக் கேட்க வேண்டும் என்பதற்காகவே உரக்கப் பாடுவார். இடத்தை மாற்றினாலே பாதி சரியாகும். உறுதியான குரல் உள்ள ஒருவரை அவருக்குப் பின்னால், நன்றாகக் கேட்கும் காதின் பக்கம் நிறுத்துங்கள். பிறகு ஒத்திகை முடிந்து நடக்கும்போது தனியாக, "ஐயா, இந்தத் தம்பி இன்னும் உறுதியாகவில்லை. அவன் குரல் உங்களுக்குக் கேட்கிற அளவுக்கு நீங்கள் மெல்லப் பாடினால் அவனுக்குத் துணையாக இருக்கும்" என்று கேளுங்கள். அது உண்மையும்கூட. எங்கள் குழுவில் அப்படிக் கேட்டபோது அந்த ஐயா சிறிது நேரம் பேசாமல் நடந்தார். மறுவாரம் தம்பியின் தோளில் கைவைத்துக்கொண்டு பாடினார்.

வருகை சீராக இல்லை. கண்டிப்பாக இருக்கலாமா?

யார் எதனால் வரவில்லை என்று முதலில் பாருங்கள். மலர்க் கண்காட்சி நடக்கும் மே மாதத்தில் விடுதியிலும் டாக்சியிலும் வேலை செய்கிறவர் வரவே முடியாது. அவர் ஆண்டு வருமானமே அந்தச் சீசனில்தான். ஆகவே ஏப்ரல், மே மாதங்களில் புதுப் பாட்டு எடுக்காதீர்கள். ஷிஃப்ட் அட்டவணையை வாங்கி வைத்துக்கொண்டு அதற்கேற்ப அந்தந்தப் பார்ட்டின் கடினமான வேலையை வையுங்கள். தாமதமாக வருகிறவருக்காகக் காத்திருக்காதீர்கள். ஐந்தே பேர் இருந்தாலும் ஆறரைக்கு ஆறரைதான். நேரத்துக்கு வந்தவர் காத்திருந்தால், அடுத்த வாரம் அவரும் தாமதமாக வருவார்.

தகரக் கூரையில் மழை கொட்டினால் ஒன்றுமே கேட்பதில்லை.

கொடைக்கானலிலிருந்து இந்தக் கேள்வி அடிக்கடி வரும். அந்தக் கால் மணி நேரத்தில் குரலுக்கு வேலை கொடுக்காதீர்கள். மழையோடு போட்டியிட்டுக் கத்தினால் தொண்டை போகும். கைதட்டித் தாளப் பயிற்சி செய்யலாம், மூச்சிடங்களைப் பென்சிலால் குறிக்கலாம், உங்கள் கையசைவை மட்டும் பார்த்து உதட்டசைவில் பாடலாம். கடைசியில் சொன்னது மிக நல்ல பயிற்சி. சத்தம் இல்லாததால் எல்லார் கண்ணும் உங்கள்மேல்தான் இருக்கும்.

நிகழ்ச்சிக்கு முந்திய ஒத்திகையில் என்ன செய்ய வேண்டும்?

புதிதாக எதையும் சொல்லிக்கொடுக்காதீர்கள். எங்கே நிற்பது, எப்போது எழுவது, சுருதி யார் கொடுப்பது, பக்கம் எங்கே திருப்புவது, இவற்றைப் பழகுங்கள். பாட்டைப் பாடப்போகும் இடத்திலேயே ஒரு முறை பாடியாக வேண்டும். காலியான தேவாலயத்தில் கல்லும் மரமும் குரலைத் திருப்பித் தந்துகொண்டே இருக்கும். மறுநாள் அதே இடத்தில் ஸ்வெட்டரும் சால்வையும் கம்பளித் தொப்பியும் அணிந்த நானூறு பேர் உட்கார்ந்தால் அந்தக் கம்பளி எல்லாம் ஒலியைக் குடித்துவிடும். முந்திய நாள் மணியாக ஒலித்த குழு மறுநாள் வறண்டு ஒலிக்கும். பாடுகிறவர்கள் பயந்து கத்தத் தொடங்குவார்கள். இதை முன்கூட்டியே சொல்லிவையுங்கள். எதிரொலிக்காக மெதுவாக வைத்திருந்த இடங்களில் வேகத்தைச் சற்றுக் கூட்டிக்கொள்ளலாம்.

எத்தனை மணிக்கு முடிக்க வேண்டும்?

சொன்ன நேரத்துக்கு. எங்களுக்கு எட்டு மணி. கடைசி பஸ்ஸுக்குப் போகிறவர்கள் இருக்கிறார்கள். இருட்டினால் தேயிலைத் தோட்டத்துப் பாதையில் காட்டெருமை நிற்கும். "இன்னும் ஒரே ஒரு முறை" என்று எட்டுக்கு மேல் பிடித்துவைத்தால், பாடுகிறவர் கண் கடிகாரத்தில்தான் இருக்கும். அந்த ஒரு முறையில் எதுவும் தேறாது. பாட்டு பாதியில் நின்றாலும் எட்டுக்கு நான் நோட்டை மூடிவிடுகிறேன். டார்ச் இருப்பவர் முன்னும் பின்னும், இல்லாதவர் நடுவிலுமாகச் சாலைவரை சேர்ந்தே நடக்கிறோம். பாதியில் நின்ற பாட்டை வழியில் யாராவது முனகத் தொடங்குவார்கள். அப்போது ஆல்ட்டோ சரியாக வருகிறதா என்று இருட்டில் கேட்டுக்கொண்டே நடப்பேன்.